‘ஒன்லி’யும் நமது ஏகாரமும்

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் ஆங்கிலச் சொல் ஒன்றைப் பற்றிக் கட்டுரை வரைவது பொருந்துமா என்று சிலர் வினவக்கூடும். பொருந்தும் என்றே நாம் எண்ணுகிறோம். நாம் எடுத்துக்கொண்ட சொல் ‘ஒன்லி’. மூன்று வயதுக் குழந்தை முதல் முனைவர் பட்டம் பெற்றவர் வரை நம்மவர் நாவில் நாள்தோறும் புழங்கும் வினையடை இது. இச்சொல்லை நம்மவர் பிழைபடக் கையாளுகின்றனர் என்று ஆங்கிலத் துறையினர் பல்லாண்டுகளாகக் கூறி வருகின்றனர். பிழை உண்டு என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அப்பிழையின் வேர் ஆங்கில இலக்கணத்தில் இல்லை. தமிழ் இலக்கணத்தில் இருக்கிறது. ஆதலின் அதனைக் களையும் பொறுப்பில் ஒரு பங்கு தமிழாசிரியர்க்கும் உண்டு.

1931ஆம் ஆண்டு முதல் மின்தொடர் வண்டி ஓடும் கடற்கரை – தாம்பரம் தடத்தில் ஒரு நாள் காலையில் ஏறி அமர்ந்து செவிகொடுத்தால் போதும். ‘ஐ ஆம் ஃப்ரம் தாம்பரம் ஒன்லி’ என்பார் ஒருவர். ‘டுடே ஒன்லி ஐ கேம்’ என்பார் மற்றொருவர். பல்லாவரத்தில் ஏறிய மாணவர் கைப்பேசியில் ‘தேர் ஒன்லி ஐ ஆம் ஸ்டாண்டிங்’ என்று நண்பர்க்கு விடை தருவார். இவர்கள் அனைவரும் தமிழில் எண்ணியவற்றை ஆங்கிலச் சொற்களால் கூறுகின்றனர். ‘தாம்பரம்தான்’, ‘இன்றைக்குத்தான்’, ‘அங்கேதான்’ என்னும் சொற்களில் உள்ள ‘தான்’ என்பதற்கு நிகராக வேறு சொல் கிடைக்காமையால் ‘ஒன்லி’யை அவ்விடத்தில் வைத்துவிடுகின்றனர். வைக்கும் இடமும் தமிழ்வழியே. தமிழில் ‘தான்’ சொல்லின் பின்னே ஒட்டும். ஆகவே ‘ஒன்லி’யும் பின்னே போய் நிற்கிறது.

இனி இலக்கணத்திற்கு வருவோம். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் ஏழாம் இயலாகிய இடையியலில் ஏகார இடைச்சொல்லுக்கு ஐந்து பொருள்கள் கூறப்பட்டுள்ளன. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் இசைநிறையையும் சேர்த்து ஆறு என்கிறது. அவற்றுள் நமக்கு இங்கு வேண்டுவன இரண்டு: பிரிநிலையும் தேற்றமும். ஒரு கூட்டத்தினின்று ஒன்றைப் பிரித்து, ஏனையவற்றை விலக்கி நிறுத்துவது பிரிநிலை. ‘ஐவருள் இவனே தேறினான்’ என்றால் மற்ற நால்வர் தேறவில்லை என்பது பெறப்படும். ஒன்றை ஐயத்திற்கு இடமின்றித் துணிந்து கூறுவது தேற்றம். ‘நான் தாம்பரத்தானே, எனக்குத் தெரியாதா?’ என்னும் போது வேறு ஊரார் எவரும் விலக்கப்படுவதில்லை. சொல்வது உறுதிப்படுகிறது, அவ்வளவே.

இவ்விரு பணிகளையும் இக்காலப் பேச்சில் பெரும்பாலும் ‘தான்’ ஏற்றுக்கொண்டுள்ளது. நன்னூலார் இதனை அசைமொழிகளின் வரிசையில், பொருளற்ற ஒட்டாக வைத்தார் என்பதை எண்ணும்போது சொற்களின் வாழ்வு வியப்பளிக்கிறது. அன்று வெறும் அசையாக எண்ணப்பட்ட சொல் இன்று இல்லாவிடின் நம்மால் இரண்டு வாக்கியம் பேச இயலாது!

ஆங்கிலத்து ‘ஒன்லி’க்குப் பிரிநிலைப் பொருள் உண்டு; தேற்றப் பொருள் இல்லை. நம் மாணவரின் இடர்ப்பாடு முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டில் அடங்கியுள்ளது. ‘இன்றைக்குத்தான் வந்தேன்’ என்பது ‘இதற்கு முன் வரவில்லை’ என்று பொருள்படுமாயின் அது பிரிநிலை. அங்கே ‘ஒன்லி’ வரலாம், வருவதே முறை. ஆனால் ‘ஐ கேம் ஒன்லி டுடே’ என்று முன்னே வரவேண்டும். ‘நான் தாம்பரம்தான்’ என்பது தேற்றம். அங்கே ‘ஒன்லி’க்கு வேலையே இல்லை.

இதனினும் நுட்பமான இன்னொன்று உண்டு. ‘ஒன்லி’ என்பது பழைய ஆங்கிலத்தில் ‘ஒன்று போன்ற’ என்னும் பொருளுடைய ‘ஆன்லிச்’ என்னும் சொல்லின் வழி வந்தது. நம் ‘மட்டும்’ என்பதோ எல்லை, அளவு எனப் பொருள்படும் ‘மட்டு’ என்பதன் அடியாகப் பிறந்தது. வேர் வேறாயினும் இரண்டும் ஒன்றைத் தனித்து நிறுத்தி எல்லை வகுக்கின்றன. ஆனால் எல்லை வகுக்கும் சொல் காலப்போக்கில் தாழ்த்தும் சொல்லாகவும் ஆகிவிடும். ‘ஹீ ஈஸ் ஒன்லி எ கிளார்க்’ என்றால் ‘அவர் வெறும் எழுத்தர்’ என்பது கருத்து; அதற்கு மேல் ஏதும் இல்லை என்னும் குறைவு அதிலே ஏறிவிடுகிறது. நமது ‘தான்’ பெரும்பாலும் உயர்த்திப் பிடிக்கும் சொல். உயர்த்தும் சொல்லின் இடத்தில் தாழ்த்தும் சொல்லை வைத்தால் என்ன ஆகும்?

என்ன ஆகும் என்பதை நம் மாணவர் ஒருவர் நேர்காணலில் கண்டார். எந்த நிறுவனம் என்பது இங்கு வேண்டா. பள்ளியில் எவ்வழிக் கல்வி என்று கேட்டதற்கு அவர், ‘ஐ ஸ்டடீட் இன் தமிழ் மீடியம் ஒன்லி’ என்று நிமிர்ந்து விடையளித்தார். அவர் மனத்தில் இருந்தது ‘தமிழ்வழியில்தான் படித்தேன்’ என்னும் பெருமிதம். கேட்டவர் செவியில் விழுந்ததோ ‘வெறும் தமிழ்வழிதான் ஐயா’ என்னும் கூச்சம். உடனே அவர் இரக்கத்தோடு, ‘பரவாயில்லை தம்பி, அதற்காக வருந்தாதீர்’ என்று ஆறுதல் கூறினாராம். நாம் எதற்காக வருந்த வேண்டும் என்று புரியாமலே மாணவர் வெளியே வந்தார். தமிழ்வழிக் கல்வி இன்று வெட்கப்பட வேண்டிய ஒன்றன்று. தமிழ்வழியில் பயின்றோர்க்கு அரசுப் பணிகளில் இருபது விழுக்காடு முன்னுரிமை வழங்கும் சட்டம் 2010ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் இயற்றப்பட்டுவிட்டது. அத்தகைய ஒன்றைக் கூறும்போது, கூறுவோரே அறியாமல் அதனைச் சிறுமைப்படுத்தும் சொல் வந்து ஒட்டிக்கொள்வது நமக்கு உடன்பாடன்று. ‘ஐ ஆம் எ பி.ஏ. தமிழ் ஸ்டூடண்ட் ஒன்லி’ என்று நம் துறை மாணவர் தம்மை அறிமுகம் செய்துகொள்ளும் போதும் இதே வருத்தம் நமக்கு உண்டாகிறது.

வேறு சில இடங்களில் பொருள் தாழ்வதோடு நில்லாமல் தலைகீழாகிவிடுகிறது. ஒரு சங்கத்தின் கணக்கைப் பற்றி வினா எழுந்தது என்று கொள்வோம். ‘செயலாளர்தான் இத்தாளில் கையெழுத்திட்டார்’ என்று உறுப்பினர் ஒருவர் எழுதக் கருதி, ‘த செக்ரட்டரி ஒன்லி சைண்டு த பேப்பர்’ என்று எழுதிவிடுகிறார். ஆங்கிலம் அறிந்தவர் அதனை எவ்வாறு படிப்பார்? ஆங்கிலத்தில் ‘ஒன்லி’ தனக்குப் பின்வரும் சொல்லைத் தழுவும். ஆகவே ‘செயலாளர் கையெழுத்து மட்டுமே இட்டார், வேறொன்றும் செய்தாரல்லர்’ என்று படிப்பார். குற்றம் சாட்ட எழுந்த வாக்கியம் குற்றத்தினின்று விடுவிக்கும் வாக்கியமாகிவிட்டது! ‘ஒன்லி’யை முன்னே கொண்டுபோய் ‘ஒன்லி த செக்ரட்டரி சைண்டு’ என்றாலும் முழுதும் சரியாகாது. அது ‘செயலாளரைத் தவிர வேறெவரும் கையெழுத்திடவில்லை’ என்று பொருள் தரும். அவர் சொல்ல விரும்பியது தேற்றம். அதற்கு ஆங்கிலத்தில் ‘இட் வாஸ் த செக்ரட்டரி ஹூ சைண்டு’ என்று வாக்கியத்தையே வேறு வகையாக அமைக்க வேண்டும். நாம் ஓர் இடைச்சொல்லால் செய்வதை ஆங்கிலேயர் வாக்கிய அமைப்பாலோ குரலின் அழுத்தத்தாலோ செய்கின்றனர்.

இப்பிழை தமிழர்க்கே உரியதன்று. நம் சமுதாயத்தில் இல்லத்தில் உருது பேசுவோர் பலர் உளர். உருதுவில் ‘ஹீ’ என்றோர் ஒட்டு உண்டு. ‘ஸிர்ஃப்’ என்றொரு சொல்லும் உண்டு. முன்னது ஏறத்தாழ நம் ‘தான்’, பின்னது ‘மட்டும்’. அவர்களும் ‘ஹீ’ வரவேண்டிய இடத்தில் ‘ஒன்லி’யை வைத்தே ஆங்கிலம் பேசுகின்றனர். வடக்கே இந்தி பேசுவோர்க்கும் இதே நிலைமை. இந்திய நுகர்வோரைப் பற்றி ரமா பிஜாபூர்க்கர் 2007ஆம் ஆண்டு எழுதி வெளியிட்ட நூலுக்கு ‘வீ ஆர் லைக் தட் ஒன்லி’ என்றே பெயரிட்டார் என்றால், இவ்வழக்கு எவ்வளவு பரவியது என்பது விளங்கும். நாடு முழுவதும் ஒரே வகைப் பிழை நிகழுமாயின் அதற்குக் காரணம் சோம்பலாக இருக்க இயலாது. தாய்மொழிகளின் அமைப்பே காரணமாதல் வேண்டும்.

அரபு இலக்கணம் பயின்ற பெரியோர்கள் இங்கு ‘இன்னமா’ என்னும் சொல்லை நினைவுகூர்வார்கள். எண்ணம் பற்றிய புகழ்மிக்க நபிமொழி அச்சொல்லைக் கொண்டே தொடங்குகிறது. ‘கஸ்ர்’ என்று அரபு அணியிலக்கணத்தார் கூறும் வரையறுத்தல் அது. அதில் ஒரு நுட்பம்: ‘இன்னமா’ வாக்கியத்தின் தலையில் நிற்கும், ஆனால் எதன்மேல் வரையறை விழுகிறதோ அது வாக்கியத்தின் இறுதியில் வரும். ஆதலின் அந்நபிமொழியைத் தமிழாக்குவோர் முதலில் வரும் ‘செயல்கள்’ என்பதன்மேல் அன்றி, பின்வரும் ‘எண்ணங்கள்’ என்பதன்மேலேயே ஏகாரத்தை ஏற்றுகின்றனர். அரபில் இடைச்சொல் வாக்கியத்தின் தலையில். தமிழில் சொல்லின் வாலில். ஆங்கிலத்தில் சொல்லின் முன்னே. மதரஸாவில் ‘இன்னமா’வையும் வகுப்பறையில் ஏகாரத்தையும் முறையாகப் பயின்ற மாணவர்க்கு ‘ஒன்லி’ கடினமாக இருத்தல் கூடாது. மூன்றையும் ஒருசேர வைத்துக் காட்டுவோர் இல்லாமையே குறை.

‘ஒன்லி’ நிற்கும் இடம் பற்றி ஆங்கிலேயரிடையேயும் ஓயாத வழக்கு உண்டு. ‘ரஹீம் நேற்றுக் குரோம்பேட்டையில் புத்தகம் வாங்கினான்’ என்னும் வாக்கியத்தில் ‘மட்டும்’ என்பதை எச்சொல்லோடு வேண்டினும் ஒட்டலாம். ஒட்டிய இடத்திற்கேற்பப் பொருள் தெளிவாக மாறும். ஆங்கிலத்தில் ‘ஒன்லி’ ஒட்டாமல் தனித்து நிற்பதால் பெரும்பாலும் வினைக்கு முன்னே வந்து அமர்ந்துகொள்கிறது. ‘ரஹீம் ஒன்லி பாட் எ புக்’ என்பதில் அவன் புத்தகம் மட்டும் வாங்கினானா, வாங்க மட்டும் செய்து படிக்காமல் விட்டானா என்பது எழுத்தில் தெளிவாகாது. தழுவும் சொல்லுக்கு நேர் முன்னேதான் ‘ஒன்லி’ நிற்க வேண்டும் என்று கண்டிப்பார் பலர். 1926இல் வெளிவந்த தம் ஆங்கில வழக்கு அகராதியில் ஃபவுலர் அக்கண்டிப்பை ஏற்கவில்லை. பொருள் மயங்காத இடத்தில் வினைக்கு முன் நிற்கும் இயல்பான வழக்கே போதும் என்பது அவர் கருத்து. நாமும் அவர் பக்கமே சாய்கிறோம். எனினும் நம் மாணவர்க்கு, எழுதும்போதேனும் நேர் முன்னே வைக்கும் பழக்கம் நன்மை தரும்; பிறர் காதில் விழும் குரலழுத்தம் தாளில் விழுவதில்லை அன்றோ?

முன்னே வைக்க வேண்டும் என்னும் இவ்விதிக்கு விலக்கும் உண்டு. ‘லேடீஸ் ஒன்லி’, ‘ஸ்டாஃப் ஒன்லி’ என்னும் அறிவிப்புப் பலகைகளில் அது பின்னேதான் வரும், பிழையன்று. நம் குழந்தைகள் வாழ்வில் முதன்முதலாக எழுத்தில் காணும் ‘ஒன்லி’ பெரும்பாலும் இத்தகைய பலகையில் உள்ளதே. பின்னே வைக்கும் பழக்கத்தை அப்பலகைகளும் வலுப்படுத்துகின்றன என்று நாம் கருதுகிறோம். (தமிழில் ‘மகளிர் மட்டும்’ என்று 1994இல் திரைப்படமே வந்தது. அங்கே ‘மட்டும்’ எவ்வளவு இயல்பாகப் பின்னே அமர்ந்திருக்கிறது!)

பணம் பற்றிய ஆவணங்களிலும் அப்படியே. காசோலையில் ‘ரூபாய் ஐந்நூறு மட்டும்’ என்றும் ‘ருபீஸ் ஃபைவ் ஹண்ட்ரட் ஒன்லி’ என்றும் எழுதுகிறோம். இது அலங்காரமன்று. தொகையின் பின்னே பிறர் ஒரு சொல்லைச் சேர்த்துவிடாதபடி போடும் வேலி அது. 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, எண்ணாலும் எழுத்தாலும் எழுதிய தொகைகள் மாறுபட்டால் எழுத்தாலான தொகையே செல்லும் என்கிறது. எனவே எழுத்தின் இறுதியில் நிற்கும் ‘மட்டும்’ ஒரு காவலாள். வேங்கைவாசலிலோ மேடவாக்கத்திலோ வீட்டுமனைக்கு முன்பணம் கொடுப்போர், தாம் பெறும் பற்றுச்சீட்டில் அச்சொல் உள்ளதா என்று பார்த்துக்கொள்வது நன்று. பழைய ஆவணங்களில் ‘மாத்திரம்’ என்று இருக்கும், பொருள் அதுவே.

மாணவர் தம் நலன் கருதியேனும் அறிய வேண்டிய இடம் இனி வருவது. ‘எழுபத்தைந்து விழுக்காடு வருகை இருந்தால் தேர்வு எழுதலாம்’ என்பதும் ‘இருந்தால்தான் தேர்வு எழுதலாம்’ என்பதும் ஒன்றல்ல. முன்னதில் வருகை இருந்தாலே போதும் என்னும் உறுதிமொழி இருக்கிறது. பின்னதில் அவ்வுறுதி இல்லை. வருகை இல்லாவிடின் எழுத இயலாது என்னும் தடை இருக்கிறது. வருகை இருந்தும் கட்டணம் செலுத்தாதவர்க்கு அனுமதி மறுக்கப்படலாம். ஆங்கிலத்தில் முன்னது ‘இஃப்’, பின்னது ‘ஒன்லி இஃப்’. வங்கிக் கடன் விதி, உதவித்தொகை அறிவிப்பு, வேலைவாய்ப்பு விளம்பரம் ஆகியவற்றில் ‘ஒன்லி இஃப்’ என்பதை ‘இஃப்’ என்று படித்துவிட்டு, ‘எமக்குத் தகுதி இருந்ததே, ஏன் தரவில்லை?’ என்று துறை வாயிலில் வந்து நிற்போரை ஆண்டுதோறும் காண்கிறோம். அவர்கள் தமிழில் ‘தான்’ என்பதன் வேறுபாட்டை ஒருபோதும் தவறவிடுவதில்லை. அதுவே ஆங்கில உடையில் வந்தால் அடையாளம் தெரிவதில்லை. ‘வந்தால்தான் தருவேன்’ என்பதை நம்மவர் ‘இஃப் யூ கம் தென் ஒன்லி ஐ வில் கிவ்’ என்பர். ‘ஐ வில் கிவ் ஒன்லி இஃப் யூ கம்’ என்பது முறை.

‘இந்தியர் பேசும் ஆங்கிலமும் ஓர் ஆங்கிலமே, இதில் திருத்துவதற்கு என்ன இருக்கிறது?’ என்று கேட்போரும் உளர். பிரஜ் கச்ரு போன்ற அறிஞர் ஆங்கிலம் இம்மண்ணில் இந்தியமயமானதை ஆராய்ந்து நூல்கள் எழுதியுள்ளனர். அவர்தம் உழைப்பை நாம் மதிக்கிறோம். தாம்பரம் சந்தையில் இருவர் ‘ஹியர் ஒன்லி’ என்று பேசிக்கொண்டால் அவ்விருவர்க்கும் பொருள் விளங்குகிறது. அதைப் பார்த்து நகைப்போர்தாம் திருந்த வேண்டியவர். ஆனால் கேட்பவர் இந்தியர் அல்லாதவராகவோ, எழுதியது விண்ணப்பமாகவோ, வாக்குமூலமாகவோ இருந்தால் நிலைமை வேறு. சொல்பவர் கருதியதன் மறுதலை சென்று சேர்கிறது என்பதை மேலே கண்டோம். அங்கே மொழி உரிமை பேசுவதால் பயனில்லை.

ஆகவே வழக்கில் உள்ள சில தேற்றங்களுக்கு ஆங்கிலத்தில் என்ன வரும் என்பதை மாணவர் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். ‘இப்போதுதான் வந்தேன்’ என்பதற்கு ‘ஜஸ்ட் நௌ’. அதை ‘ஒன்லி நௌ’ என்றால் ‘இவ்வளவு தாமதித்து இப்போதுதானா?’ என்னும் குறை தொனிக்கும். ‘இங்கேதான்’ என்பதற்கு ‘ரைட் ஹியர்’. ‘இந்தப் புத்தகம்தான்’ என்பதற்கு ‘திஸ் வெரி புக்’. ‘அவர்தான் சொன்னார்’ என்பதற்கு, இடம் நோக்கி, ‘ஹீ ஹிம்செல்ஃப்’ என்றோ ‘இட் வாஸ் ஹீ ஹூ’ என்றோ வரும். ‘நான் தாம்பரம்தான்’ என்பதற்கு ‘ஐ ஆம் ஃப்ரம் தாம்பரம்’ என்பதே நிறைவு. தேற்றத்தைக் குரல் பார்த்துக்கொள்ளும். ஐயம் எழும்போது ஒரு சிறு சோதனை செய்யலாம்: தமிழ் வாக்கியத்தில் ‘தான்’ இருக்கும் இடத்தில் ‘மட்டும்’ என்பதை வைத்துப் பார்க்க வேண்டும். பொருள் கெடாமல் நின்றால் ‘ஒன்லி’ வரலாம். ‘நான் தாம்பரம் மட்டும்’ என்று எவரேனும் கூறுவரோ? ‘இப்போதுதான்’ முதலிய காலச் சொற்களில் மட்டும் இச்சோதனை எப்போதும் உதவாது. அவற்றைப் பழக்கத்தால் அறிதல் வேண்டும்.

நம் கல்லூரியில் இடையியல் ஒரு பருவத்தில் நடத்தப்படுகிறது; ஏகாரத்தின் பொருள்களை மாணவர் மனப்பாடம் செய்து தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெறுகின்றனர். அதே மாணவர் அடுத்த மணிநேரத்தில் ஆங்கில வகுப்பில் ‘ஹீ ஒன்லி’ என்று எழுதிச் சிவப்பு மை பெறுகின்றனர். இரு வகுப்பறைகளுக்கும் இடையே ஒரு சுவர்தான் இருக்கிறது. வரும் கல்வியாண்டில் ஏகாரம் நடத்தும் அந்த ஒரு வாரம் மட்டும் ஆங்கிலத் துறை ஆசிரியர் ஒருவர் நம் வகுப்பிற்கு வந்து அமர இசைய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். கரும்பலகையின் ஒரு பாதியில் தமிழ் வாக்கியங்களை நாம் எழுதுவோம். மறுபாதியை அவர் எழுதட்டும். அரபுத் துறைப் பெரியவரும் வர இசைந்தால் பலகையை மூன்றாகப் பிரித்துக்கொள்வதில் நமக்குத் தடையில்லை.